சனிக்கிழமைகளில் சிவப்புக்கு ஓடிய முள்

முள் முதலில் லேசாக நடுங்கியது. பிறகு பூஜ்யத்துக்கு விழுந்தது. விழுந்த வேகத்திலேயே எழுந்து, பச்சைப் பட்டையைத் தாண்டி, சிவப்புக் கோட்டில் போய் நின்றுகொண்டு படபடத்தது.

"பாத்தியளா சார்? நான் சொன்னேம்லா!" என்றார் சபாபதி. குரலில் பாதி கவலை, பாதி தான் சொன்னது பலித்துவிட்ட திருப்தி.

டிராக்டர் சீட்டில் இருந்த மேகலா இரண்டு கைகளையும் உயரத் தூக்கினாள். பிறகு இரண்டு கால்களையும் தூக்கிக் காட்டினாள். "நல்லா பாத்துக்கோ சார். கையும் வெக்கல, காலும் வெக்கல. முள்ளு பாட்டுக்கு ஆடிக்கினு கீது. நான் இன்னா பண்ணுவேன்?"

மழை விட்ட ஒரு சனிக்கிழமைக் காலை அது. ஐப்பசியா கார்த்திகையா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வெட்டிய புல்லின் வாசனை, டீசல் புகை, நடுவே எங்கிருந்தோ சுடச்சுட ஓர் எலுமிச்சை வாசனை. இந்த மூன்றும் கலந்த காற்று மட்டும் இன்னும் மூக்கிலேயே இருக்கிறது.

இடம், நந்தனத்தில் ஒரு மைதானம். அண்ணா சாலையின் இரைச்சல் கேட்கும், சாலை கண்ணில் படாது. காலையில் எங்களைப் போன்றவர்கள் தொந்தியைக் குறைக்க நடப்போம். வெயில் ஏறியதும் கிரிக்கெட்காரர்கள் வந்துவிடுவார்கள். பராமரிப்பு எங்கள் காலை நடைச் சங்கத்தின் பொறுப்பு. புல் வெட்டவும் ரோலர் இழுக்கவும் ஒரு குட்டி டிராக்டர் வைத்திருக்கிறோம். வயலில் உழுகிற வண்டிக்குப் பேரன் பிறந்தால் இப்படித்தான் இருக்கும்.

அதை ஓட்டுபவள் மேகலா. சைதாப்பேட்டைக்காரி. பல வருடம் ஆட்டோ ஓட்டிவிட்டு, முதுகுவலி தாங்காமல் அதை விட்டு இந்த வேலைக்கு வந்தவள். சபாபதி எங்கள் சங்கத்தின் செயலாளர். ஊர் திருநெல்வேலிப் பக்கம், தி.நகரில் புடவைக் கடை. வாரம் முழுக்கக் கடையிலேயே இருப்பவர், நடப்பதற்கென்று மைதானத்துக்கு வருவது சனிக்கிழமை காலை மட்டும்தான்.

டாஷ்போர்டில் ஆடிய அந்த முள், எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது. ஆர்.பி.எம். மீட்டர் என்பார்கள். முள் பச்சைப் பட்டையில் நின்றால் பின்னால் இருக்கும் புல்வெட்டியும் சரியான வேகத்தில் சுற்றும். சிவப்புக்குப் போனால் யாரோ எஞ்சினைக் கண்டபடி முறுக்குகிறார்கள் என்று அர்த்தம். யாரோ என்றால், சீட்டில் இருப்பவர்தான்.

"நானும் சனிக்கெழம சனிக்கெழம பாக்கேன் சார். வந்தா முள்ளு செவப்புலதான் நிக்கி. இந்தப் புள்ள வண்டிய ரேஸ் விடுது. அடுத்த சனிக்கெழம கூட்டத்துல பேசி முடிச்சிருவோம். வண்டியக் குடுத்துட்டு, புல் வெட்ட கான்ட்ராக்ட் விட்ருவோம். ஆளும் வண்டியும் அவனுவளே கொண்டாருவானுவ."

ஆளும் அவர்களே கொண்டுவந்தால் மேகலாவுக்கு இங்கே வேலை இல்லை. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, டாஷ்போர்டுக் கண்ணாடியைத் துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தக் கூட்டம் வரைக்கும் டயம் குடுங்கோ. முள்ளு பொய் சொல்றதா, மேகலா பொய் சொல்றாளான்னு நான் பாத்துச் சொல்றேன்" என்றேன். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் மீட்டர் என்று பேச்சு வந்துவிட்டால் எனக்கு வாயை மூடத் தெரியாது.

சீல் வைத்த பிழைப்பு

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். இந்த வாரம் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அரசாங்க உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க நான் பார்த்த வேலை, ஆட்டோ மீட்டர்களைச் சோதித்து சீல் வைப்பது. அதுவும் சென்னையில். சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது என்னிடம் உத்தியோகம் விசாரித்தால், பக்கத்து இலைக்காரர் ரசத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். "போடாத மீட்டருக்கு எதுக்கு சார் சீல்?" என்று கேட்காத ஆள் கிடையாது. போடுகிற அன்றைக்கு அது சரியாக ஓட வேண்டாமா என்பேன். இந்தப் பதிலை யாரும் ரசித்ததாக ஞாபகம் இல்லை.

மேகலாவை நான் முதலில் பார்த்தது அந்த வேலையில்தான். எனக்கு நினைவில்லை. அவள் மறக்கவில்லை. மைதானத்தில் சேர்ந்த முதல் நாளே என்னைக் கண்டதும் டிராக்டரை நிறுத்திவிட்டாள்.

"இந்த சார எனுக்குத் தெரியும்! என் மீட்டரு ஸ்லோவா ஓடுது, செல்லாதுன்னு திருப்பி அனுப்சவரு. ஸ்லோவா ஓட்னா எனுக்குத் தான நஷ்டம்? இவுருக்கு இன்னா வந்திச்சி?"

அன்று நான் சொன்ன பதிலையும் அவளே நடித்துக் காட்டுவாள். இல்லாத மூக்குக் கண்ணாடியை இறக்கி, குரலைக் கனமாக்கி, "தப்பு தப்புதாம்மா, நஷ்டம் யாருக்கா இருந்தா என்ன?" என்பாள். நடைக்கு வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒருமுறை என் மனைவியும் அதைப் பார்த்துவிட்டு, அச்சு அசல் நானேதான் என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டாள்.

அந்த உத்தியோகத்தில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். மீட்டரும் மனிதரும் மாறிச் சொன்னால் எல்லாரும் மீட்டரைத்தான் நம்புவார்கள். கண்ணாடி போட்டு, எண் எழுதி, உள்ளே விளக்கும் எரிகிறதே! எனக்கு அந்த மயக்கம் கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் எறும்பு குடியிருந்த மீட்டர்களையெல்லாம் பார்த்தவன் நான். முதலில் வண்டி உண்மையில் என்ன செய்கிறது என்று பார்ப்பேன், அப்புறம்தான் மீட்டர்.

ஆட்டோவுக்கு ஓடிய தூரத்தை அளக்கலாம். நின்ற இடத்தில் உறுமுகிற டிராக்டருக்கு எதை அளப்பது? யோசித்து, சத்தத்தை அளப்பது என்று முடிவு செய்தேன். சபாபதி போனதும் மேகலாவை மறுபடி எஞ்சினைப் போடச் சொல்லி, ஆக்சிலேட்டரை ஒரே இடத்தில் விட்டுவிட்டு, செல்போனில் பதிவு செய்தேன். முள் போகிற போக்கையும் பக்கத்திலேயே நின்று கத்தினேன். "இப்போ பச்சை... இப்போ பூஜ்யம்... இப்போ சிவப்பு!" பாதையில் நடந்தவர்கள் சற்றுத் தள்ளி நடந்தார்கள்.

வைதேகியின் தீர்ப்பு

லஸ் பக்கம் மெட்ரோவுக்காகப் போட்ட தடுப்புகளை எல்லாம் சுற்றி மயிலாப்பூர் வீட்டுக்குப் போனபோது, என் மனைவி வைதேகி வீணையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வீணை சொல்லிக்கொடுக்கிறாள். சனிக்கிழமை வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது.

போனை அவள் காதருகே வைத்தேன்.

"ஏன்னா, இதென்ன கிரைண்டரா?"

"டிராக்டர். கண்ணை மூடிண்டு கேளு. நான் கத்தறதைக் கண்டுக்காதே. எஞ்சின் சத்தம் ஏறி எறங்கறதான்னு மட்டும் சொல்லு."

கேட்டாள். இரண்டாம் முறையும் போடச் சொன்னாள். பிறகு வீணையில் கீழ்த் தந்தியை மீட்டி, முறுக்காணியைக் கொஞ்சம் திருகி, தந்தியை எஞ்சின் சத்தத்தோடு சேர்த்துவிட்டாள். கூடத்தில் டிராக்டரும் வீணையும் ஒன்றாக ரீங்கரித்தன.

"ஒரே கட்டைல நிக்கறது. இம்மி அசையலை. நீங்க சிவப்புங்கறச்சேயும் இதேதான், பூஜ்யம்ங்கறச்சேயும் இதேதான்" என்றாள். "இன்னிக்கு வந்த கொழந்தேள்ல யாருக்கும் இத்தனை சுத்தமா ஸ்ருதி நிக்கலை, போங்கோ."

கல்யாணமான புதிதில் எனக்கு ஸ்ருதி சேர்க்கச் சொல்லிக்கொடுக்க அவள் பட்ட பாடு தனிக் கதை. தம்பூரா சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் நான் எப்போதும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் தலையாட்டுவேன். அது தெரிந்த அன்றைக்கு அவள் பாடத்தை நிறுத்திவிட்டாள். அப்படிப்பட்டவன் வீட்டில் அந்தக் காது இருந்தது என் அதிர்ஷ்டம்.

எஞ்சின் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது, ஆடுவது முள் மட்டும்தான். பாதி வழக்கு ஜெயித்த குஷியில் உடனே சபாபதிக்கு போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"சார், உங்க வீட்டம்மாவுக்கு வீணை ஞானம் உண்டு. ஒத்துக்கிடுதேன். ஆனா கூட்டத்துல போயி நான் என்ன சொல்ல? டிராக்டரு ராகத்துல பாடுது, அதனால வண்டி நல்லாருக்குன்னா சொல்ல?" என்றார். "முள்ளு பச்சையில நிக்கணும் சார். அத என் கண்ணால பாக்கணும்."

யாரும் தொடாத மாலை

திங்கட்கிழமை மேகலாவும் நானும் பானெட்டைத் திறந்தோம். திறந்ததும் எதிரே தொங்கியது ஓர் எலுமிச்சம்பழம். மேலே பச்சை மிளகாய்கள், கீழே ஒரு கரித்துண்டு, எல்லாம் கட்டுக்கம்பியில் கோத்து. கடை வாசலில் திருஷ்டிக்குக் கட்டுவோமே, அதேதான்.

வண்டி வாங்கிய புதிதில் இது முன்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் சங்கத்தில் பல விதமான ஆட்கள் இருக்கிறோம். பொது வண்டியில் இதெல்லாம் எதற்கு என்று ஒருவர் கேட்க, கூட்டத்தில் பேசி எடுத்துவிட்டோம். இப்போது உள்ளே வந்துவிட்டிருக்கிறது. மேகலாதான் கட்டியிருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். நாளெல்லாம் அந்த வண்டியில் உட்காருகிறவள், அவள் நம்பிக்கை அவளுக்கு. நான் பார்த்தும் பாராததுபோல, பழத்தில் படாமல் கையை வளைத்து வளைத்து வேலை பார்த்தேன்.

அவளும் துப்பட்டா அதில் உரசாமல் இழுத்துச் செருகிக்கொண்டு ஒதுங்கியே நின்றாள். என்ன பக்தி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

பேட்டரி ஒயரைக் கழற்றினோம். ஃப்யூஸைப் பார்த்தோம். டாஷ்போர்டுக்குப் பின்னால் எர்த் ஒயர் பிடித்திருக்கும் போல்ட்டில் துரு ஏறியிருந்தது. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி முடுக்கினோம். எஞ்சினின் ஓரத்தில் இருக்கும் டைனமோவிலிருந்துதான் முள்ளுக்குச் சேதி போகும். அங்கேயும் பார்த்திருக்க வேண்டும். பார்க்க வேண்டுமானால் எலுமிச்சையைக் கழற்ற வேண்டும். துரு கிடைத்துவிட்டதே, காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்று பானெட்டை மூடிவிட்டேன்.

எஞ்சினைப் போட்டதும் முள் சில தடவை துள்ளியது. பிறகு பச்சைக்கு வந்து நின்றது. செவ்வாய்க்கிழமை அசையவில்லை. புதனும் அப்படியே. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் சொன்ன பேச்சைக் கேட்டது.

அந்த வாரம் முழுக்க மைதானம் அழகாக இருந்தது என்று எனக்கு ஒரு ஞாபகம். உண்மையில் சேறாகத்தான் இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை காலை மேகலா எனக்கு டீ வாங்கிவந்தாள். சேர்ந்த நாளாக அவள் யாருக்கும் டீ வாங்கிக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

மைதானத்தின் ஓரத்தில் மழைநீர் வடிகால் ஒன்று உண்டு. அதன் திட்டில் உட்கார்ந்து குடித்தோம். "இந்த வேல போச்சுனா திரும்ப ஆட்டோதான் சார்" என்றாள். "முதுகு தாங்காது. அத்த கூட வுடு. நான் வண்டிய முறுக்கி கெடுத்தேன்னு பேரு வரும் பாரு, அத்த தான் தாங்க முடியாது. ஆட்டோல கூட ஒரு நாளு ராஷா ஓட்னதில்ல நானு."

நாங்கள் உட்கார்ந்திருந்த அதே வடிகாலில்தான் முந்தைய மழைக்காலத்தில் டிராக்டரின் முன்சக்கரம் சறுக்கி இறங்கி, வண்டி குடைசாய்ந்தது. மேகலா குதித்துத் தப்பிவிட்டாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அன்றைக்கு சபாபதி கடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தார். குப்புறக் கிடந்த வண்டியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "புள்ளைக்கு ஒண்ணும் இல்லல்லா? ஒண்ணும் இல்லல்லா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அந்த வண்டியின் வேகம் என்றாலே அவருக்குப் பயம்.

"அவுரு கெட்டவரு இல்ல சார். ஆனா நான் சொன்னா நம்ப மாட்றாரே" என்றாள் மேகலா.

ஊறுகாய் வாசனை

கூட்டம் நடக்கிற சனிக்கிழமை. இஸ்திரி போட்ட சட்டையை எடுக்கப் போனவனை வைதேகி தடுத்தாள்.

"பழைய சட்டையைப் போட்டுக்கோங்கோ. சனிக்கிழமை ஆனா நீங்க எலுமிச்சங்கா ஊறுகா வாசனையோட வரேள். தோய்ச்சாலும் போகமாட்டேங்கறது."

"டிராக்டர்கிட்ட நிக்கறேனோல்லியோ."

"தெனம்தான் நிக்கறேள். இந்த வாரம் பூரா டீசல் வாசனைதான். சனிக்கிழமை மட்டும் ஊறுகா. அங்க என்ன, வாராவாரம் ஜாடி போடறாளா?"

சிரித்துவிட்டுப் புறப்பட்டேன். கூட்டத்துக்கு முன்னால் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று நன்றாக விடிவதற்குள் போய்விட்டேன். மேகலா ஷெட்டைத் திறந்து காத்திருந்தாள். சாவியைத் திருப்பினாள்.

முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. எழுந்தது. சிவப்பில் போய் நின்று படபடத்தது.

மேகலா என்னைப் பார்க்கவில்லை. "போச்சு சார்" என்று மட்டும் சொன்னாள். ஒரு வாரமாக அவளுக்கு நம்பிக்கை கொடுத்தவன் நான்தானே. எஞ்சின் சூடேறியது. எலுமிச்சை வாசனை குப்பென்று வந்தது.

இந்த வாரம் பூரா டீசல் வாசனைதான், சனிக்கிழமை மட்டும் ஊறுகாய். முள்ளும் வாரம் பூரா ஒழுங்கு, சனிக்கிழமை மட்டும் ஆட்டம்.

"மேகலா, எஞ்சினை நிறுத்து. பானெட்டைத் தூக்கு."

உள்ளே புதுப் பழம். நேற்று காலை பார்த்தபோது காய்ந்து சுருங்கிக் கிடந்தது, இன்றைக்கு மினுமினுவென்று சாறு கட்டித் தொங்கியது. கம்பி குத்திய துளையிலிருந்து சாறு சொட்டுச் சொட்டாக இறங்கி, கம்பி வழியாக ஓடி, நேராக டைனமோவின் பின்பக்கம் விழுந்துகொண்டிருந்தது. ஒயர் செருகியிருக்கும் அதே இடத்தில். எஞ்சின் சூட்டில் அது வெந்து அந்த வாசனை.

இதற்குமேல் தயங்கி ஆகாது. தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"மேகலா, தப்பா நெனச்சுக்காதே. உன் நம்பிக்கையில நான் தலையிடலை. இந்த எலுமிச்சையை மட்டும் கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கலாமா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னுதா? இன்னா சார் சொல்ற? ஒன்னுது இல்ல?"

"என்னோடதா!"

"நீதான் கட்றேன்னு நெனச்சேன் சார்! பெரிய மனுசன், பூஜ பண்ணி எட்த்தாந்து கட்டிக்கிறாரு, நம்ம கை பட்டா இன்னா நெனச்சிப்பாரோன்னு நானு கிட்டயே போறதில்ல!"

ஒரு வாரமாக ஒருவர் நம்பிக்கைக்கு இன்னொருவர் மரியாதை கொடுத்து, பழத்தைச் சுற்றிச் சுற்றி வேலை பார்த்திருக்கிறோம். ஷெட்டில் நின்று இருவரும் சிரித்த சிரிப்பில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன.

சிரித்து ஓய்ந்ததும் மேகலாதான் கேட்டாள். "அப்ப யாரு சார் கட்றது?"

ஷெட்டின் சாவி அவளிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. மூன்றாவது சபாபதியிடம். பழத்தை அவிழ்த்தேன். கம்பியின் மேல்முனையை பானெட் கொக்கியோடு கட்டியிருந்தது மஞ்சளும் பச்சையும் முறுக்கிய நூல். சபாபதி கடையில் புடவைப் பெட்டிகளைக் கட்டித்தரும் நூல் அது. எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு உருண்டையே கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை தன் கடை வாசலில் புதுப் பழம் கட்டுகிற மனிதர், சாயங்காலம் யாரும் இல்லாத நேரம் பார்த்து வண்டிக்கும் ஒன்று கட்டியிருக்கிறார். சங்கத்தில் வேண்டாம் என்று தீர்மானித்த விஷயம் ஆயிற்றே, அதனால் உள்ளே. மறுநாள் காலை வந்து, முள் சிவப்பில் நிற்பதைப் பார்த்து, மேகலாவைத் திட்டியிருக்கிறார்.

மேகலாவின் முகம் மாறியது. "இவுரு கட்ன பழத்துக்கு என் வேல போவுணுமா? வரட்டும் சார். கூட்டத்துல வெச்சிக் கேக்கறேன், நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி."

கேட்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். முதலில் வேலையை முடித்தோம். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, டைனமோவில் செருகியிருந்த ஒயரை இழுத்தால், செம்பெல்லாம் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. பிடிப்பே இல்லை. தேய்த்துத் துடைத்து, முனையைக் கொஞ்சம் வெட்டிப் புதிதாக மாட்டி, மேலே கிரீஸ் தடவினோம். எஞ்சினைப் போட்டாள். முள் மெதுவாக ஏறிப் பச்சையில் உட்கார்ந்தது.

மரத்தடிக் கூட்டம்

எங்கள் கூட்டங்கள் தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் நடக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு ஃபிளாஸ்க் காபி. சபாபதி அன்றைக்கு உட்காரவே இல்லை.

"பேசுததுக்கு முன்னால எல்லாரும் ஒருக்கா வந்து பாத்துருங்க. நான் பொய் சொல்லுதேன்னு இருக்கப்பிடாதுல்லா" என்று எல்லாரையும் ஷெட்டுக்கு அழைத்துவந்தார்.

மேகலா சீட்டில் ஏறினாள். சாவியைத் திருப்பி, ஆக்சிலேட்டரை வழக்கமான இடத்துக்குத் தள்ளினாள்.

முள் ஏறியது. பச்சையில் நின்றது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அது நின்றது நின்றபடி இருந்தது. சபாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்ன சார் செஞ்சிய?" என்று என்னைக் கேட்டார்.

என்னிடம் பதில் தயாராக இருந்தது. வீணையில் ஆரம்பித்து, ஊறுகாயில் திருப்பி, நூலில் முடிக்கிற மாதிரி மனதுக்குள் ஒரு சொற்பொழிவே வைத்திருந்தேன். வாயைத் திறந்துவிட்டேன்.

"டைனமோ ஒயரு லூசு சார்" என்றாள் மேகலா, எனக்கு முன்னால். "நாங்க டைட் பண்ட்டோம். வேற ஒண்ணியும் இல்ல."

நான் திறந்த வாயை மூடினேன்.

பானெட் திறந்துதான் இருந்தது. சபாபதி குனிந்து டைனமோவைப் பார்த்தார். புதிதாக வெட்டி மாட்டிய ஒயர் பளிச்சென்று தெரிந்தது. பிறகு அவர் பார்வை மேலே, வெறும் கொக்கிக்குப் போனது. அங்கிருந்து மறுபடி ஒயருக்கு வந்தது. அவருக்கு விளங்கிவிட்டது. காது நுனி வரை முகம் சிவந்தது. நிமிர்ந்து மேகலாவைப் பார்த்தார். அவள் மும்முரமாக ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வண்டியக் குடுக்க வேண்டாம்" என்றார் எல்லாரையும் பார்த்து. "கான்ட்ராக்டும் வேண்டாம். மேகலாவே ஓட்டட்டும்." மேகலா பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஒம்மேல சந்தேகப்பட்டது என் தப்புதான். மனசுல வச்சிக்கிடாத."

"பரவால்ல வுடு சார்" என்றாள் அவள்.

கூட்டம் முடிந்து காபியும் முடிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கப் போகிறேன் என்றாயே, என்ன ஆயிற்று என்று அவளிடம் விசாரித்தேன்.

"கேக்கணும்னு தான் இருந்தேன் சார். கண்ணாடியத் தொடச்சிக்கினு நின்னாரு பாரு, அப்ப மொகத்தப் பாத்துட்டேன். இத்தினி பேரு எதிர்ல எதுக்குன்னு தோணிச்சி."

எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது. அன்றைக்கு அவள்மேல் எனக்கு வந்த மரியாதையை இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

சீட்டுக்கு அடியில்

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேகலா என்னை மைதானத்துக்கு வரச் சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை. கிரிக்கெட்காரர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். ஷெட்டுக்கு உள்ளே ரோலருக்குப் பக்கத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

வெளியே செருப்புச் சத்தம். பூட்டில் சாவியைப் போடப் போய், கதவு திறந்திருப்பதைக் கண்டு சபாபதி திகைத்து நின்றார். கையில் துணிப்பை. எங்களைப் பார்த்ததும் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அந்த வயதில், அந்த வெள்ளை வேட்டியில், அப்படி ஒரு திருட்டு முழியை நான் பார்த்ததில்லை.

"சும்மா... வண்டி எப்பிடி இருக்குன்னு பாக்க வந்தேன்" என்றார்.

மேகலா எழுந்து கையை நீட்டினாள். "குடு சார்."

"எத?"

"பைல கீறத்த."

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் பையிலிருந்து எலுமிச்சை மாலையை எடுத்துக் கொடுத்தார். மஞ்சளும் பச்சையும் முறுக்கிய நூலில் முடிச்சு. மேகலா அதை வாங்கிக்கொண்டு டிராக்டரைச் சுற்றி வந்து, சீட்டுக்குக் கீழே குனிந்தாள்.

"பானெட்டுக்குள்ள ஒயரு கீது சார், சாறு வுழுந்தா கெட்டுப் பூடும். இங்க சீட்டுக்கு அடில கட்டிட்றேன். ஒயரும் இல்ல, மீட்டிங்காரங்க கண்ணுலயும் படாது." கட்டிக்கொண்டே நிமிர்ந்து கேட்டாள். "ஆனா வண்டி மூஞ்சில தான கட்டணும்? சீட்டாண்ட கட்னா ஒனக்கு ஒண்ணும் இல்லியே?"

சபாபதி வாசல் வழியாக மைதானத்தின் ஓரத்தில் இருக்கும் வடிகால் பக்கம் பார்த்தார்.

"அங்கனதாம்மா கெட்டணும்" என்றார். "நான் என்ன, வண்டிக்கா கெட்டுதேன்?"

ஆட்டோ ஓட்டியபோதும் சரி, டிராக்டர் ஓட்டும்போதும் சரி, யார் என்ன சொன்னாலும் திருப்பி ஒன்று சொல்லாமல் விடாத மேகலா, குனிந்து இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. முள் பச்சையிலேயே நின்றது. மத்தியானம் வீடு திரும்பியவனின் சட்டையை வைதேகி முகர்ந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு ஊறுகாய் வாசனை இல்லையே என்றாள்.